கத்தியில்லாமல் கட்டி எடுத்த மகான்

காயல் பொங்கி வீட்டுக்குள் வந்தபோது எங்கள் ஊர் புவேர்த்தோ கார்சாவுக்கு ஒரு படகு அனுப்ப ஆளில்லை. பொன்விரல் எலியோதோரோ வருகிறார் என்றதும் வண்டி விடாத ஆளில்லை. கடற்கரைச் சாலை முழுக்கச் சிறப்பு பஸ்கள். அக்கரையிலிருந்து மீன் ஏற்றுகிற மோட்டார் படகுகளில் அன்றைக்குப் பக்தர்களை ஏற்றி வந்தார்கள். மீனைவிடப் பக்தர்கள் லாபம். மீன் வெயிலில் கிடந்தால் கெட்டுப்போகும். பக்தர்கள் கெடுவதில்லை, கெட்டுப்போய்த்தான் ஏறுகிறார்கள்.

சேவல் சண்டைக் கொட்டகை வாசலில் ஒலிபெருக்கி அலறியது.

"கத்தி கிடையாது! ஊசி கிடையாது! தையல் கிடையாது! வாயில எந்தக் கட்டியா இருந்தாலும் சரி, தாடையில எந்த வீக்கமா இருந்தாலும் சரி, ஐயா விரலை வெச்சா வேரோட வெளிய வரும்! வாங்கம்மா, வாங்க!"

சேவல் கொட்டகையைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு பொருத்தம் இருந்தது. வழக்கமாக அங்கே சேவல்கள் ரத்தம் சிந்தும்; சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பணத்தை இழப்பார்கள். அன்றைக்கும் பெரிய மாற்றமில்லை.

எலியோதோரோவின் சக்தி அவருடைய சொந்தச் சக்தி அல்ல. கடலில் மூழ்கிச் செத்துப்போன ஒரு கப்பல் வைத்தியரின் ஆவி, அவருடைய வலது கையின் இரண்டு விரல்களில் வந்து இறங்கும். எந்தக் கப்பல், எந்தக் கடல், நீந்தத் தெரியாத ஆள் எதற்குக் கப்பலுக்கு வேலைக்குப் போனார் என்று யாரும் கேட்கவில்லை. ஏன் இரண்டு விரலில் மட்டும் என்றும் கேட்கவில்லை. அதற்கு மேல் வாயில் நுழையாது என்பது என் ஊகம்.

ஐயா வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைத் தொப்பியில் இருந்தார். நோயாளியின் கண்ணுக்கு மட்டும் கறுப்புத் துணி. அதை ஐயாவின் மனைவி கிரிசாந்தா கட்டிவிடுவாள். தீர்த்தத்தில் நனைத்த ஒரு பஞ்சை எடுத்து ஐயாவின் கையில் கொடுப்பாள். ஐயா தானும் கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைக் கூரைப் பக்கம் தூக்கிக்கொண்டு, விரலை விடுவார். நோயாளி 'கொளக் கொளக்' என்பாள். கை வெளியே வரும். விரல்களுக்கு நடுவே சிவப்பாகச் சொட்டிக்கொண்டு ஒரு சதைத்துண்டு! கூட்டம் "மாதாவே!" என்று எழுந்து நிற்கும். அது உட்காருவதற்குள் கிரிசாந்தா அந்தத் துண்டை வாங்கித் தணல் சட்டியில் போட்டுவிடுவாள். எரிக்காவிட்டால் நோய் அடுத்தவர் வாய்க்குத் தாவிவிடுமாம்.

கொட்டகை முழுக்க வறுவல் வாசனை.

"பாவம் எரியுற நாத்தம்" என்று பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஊர் நாய்களுக்கு அந்தப் பாவம் ரொம்பப் பிடித்திருந்தது. எல்லாம் வந்து, வரிசையாக, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்தியோடு உட்கார்ந்திருந்தன.

கட்டி ஏன் வருகிறது என்பதற்கும் ஐயாவிடம் பதில் இருந்தது. எல்லாக் கட்டிக்கும் ஒரே பதில்.

"பொறாமை, மகளே. பக்கத்து வீட்டுக்காரி உன் சோத்துப் பானையைப் பாத்துப் பெருமூச்சு விட்டா. அது நேரா உன் வாயில வந்து உக்காந்துருச்சு."

"சுருட்டுனால வருதுன்னு டாக்டரம்மா சொன்னாங்களே, ஐயா?"

"சுருட்டா? உங்கம்மா பிடிக்கலையா? அவங்கம்மா பிடிக்கலையா? புகைதான் மகளே ஆவியோட மூச்சு. நல்லாப் பிடி. என் வீட்டுக்காரிகிட்ட ஜெபிச்ச சுருட்டு இருக்கு, ரெண்டு கட்டு வாங்கிட்டுப் போ."

எப்பேர்ப்பட்ட வைத்தியம் பாருங்கள்! டாக்டர் பேச்சைக் கேட்டால் பிடித்த சுருட்டை விட வேண்டும். ஐயா பேச்சைக் கேட்டால் பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரியோடு பேச்சை விட்டால் போதும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நிபந்தனைகளும் இருந்தன. கைபேசியை வாசலில் கூடையில் போட்டுவிட வேண்டும்; அதன் அலை ஆவியைக் கலைத்துவிடும். ஐயா திரும்ப இந்த ஊருக்கு வரும்வரை கண்ணாடியில் வாயைப் பார்க்கக் கூடாது, விரலால் தொடக் கூடாது. அப்புறம் டாக்டர் கத்தி அந்த வாயில் பட்டால் நோய் மூளைக்கு ஏறிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், சந்தேகப்படக் கூடாது. சந்தேகப்பட்டால் பலிக்காது. பலிக்காத கேஸ்களை எல்லாம் இந்தக் கடைசி நிபந்தனையே பார்த்துக்கொண்டது.

அந்த வரிசையில்தான் உபால்தினா நின்றுகொண்டிருந்தாள்.

உபால்தினாவை எங்கள் சந்தையில் பார்ப்பதற்கு முன்னால் அவள் குரலைக் கேட்பார்கள். "போகாச்சிகோ! துள்ளுது, துள்ளுது, போகாச்சிகோ!" என்று ஒரு கூவு கூவினால் காயலின் நடுவில் அந்த மீனைப் பிடித்துக்கொண்டிருக்கிறவனே என்ன விலை என்று திரும்பிக் கேட்பான். மீன் அறுக்கிற நேரம் தவிர வாய் மூடாது. மீன் அறுக்கிற நேரத்தில் வாயில் சுருட்டு இருக்கும்.

அந்தச் சுருட்டைப் பற்றி நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டர் மிலேனா அவளிடம் கேட்டதும் அவள் சொன்னதும் ஊருக்கே தெரியும். டாக்டர் மிலேனா வாயிலும் தாடையிலும் வருகிற கட்டிகளை அறுத்து எடுக்கிறவர். எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு அவ்வப்போது வந்து வாய் பார்ப்பார்.

"சுருட்டை எப்படிம்மா பிடிப்பீங்க?"

"எல்லாரும் பிடிக்கிற மாதிரிதான்."

"எல்லாரும்னா?"

"நெருப்பு உள்ள, அடி வெளிய."

"வாய் சுடாதா?"

"பழகிட்டா எங்க சுடுது? ரெண்டு கையிலயும் மீனு. சாம்பலை யாரு தட்டுறது? நெருப்பை வெளிய வெச்சா காயல் காத்துல அணைஞ்சுரும், சாம்பலும் மீனு மேல விழும். உள்ள வெச்சா நாக்கால ஒதுக்கித் துப்பிரலாம். நீங்க டாக்டருக்குப் படிச்சவங்க, இது தெரியாதா?"

டாக்டர் விளக்கை அடித்து மேல் அண்ணத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"சுடலைன்னா நல்லதுன்னு அர்த்தமில்லம்மா. அண்ணம் மரத்துப்போச்சு, அதான் சுடலை. முழுக்க வெளுத்துத் தடிச்சு மாட்டுத்தோல் கணக்கா கெடக்கு. பின்னால ஒரு இடத்துல செவந்து ஒரு கட்டி. கடலை அளவு இருக்கும். தொட்டா ரத்தம் வருது."

"கட்டிதானே? கரைஞ்சிரும்."

"கரையிற கட்டியும் இருக்கு. எச்சி தேங்கிக் கொப்புளமா வந்து தானா உடையிறது உண்டு. எலும்பே புடைச்சுக்கிட்டு, ஒரு கெடுதலும் பண்ணாம, சாகுற வரைக்கும் கூடவே இருக்கிறதும் உண்டு. உங்களுது எதுன்னு பாத்தவுடனே சொல்ற அளவுக்கு நான் கெட்டிக்காரி இல்ல. மரத்துப்போக ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்துக்கிறேன். பரிசோதனையில தெரிஞ்சுரும்."

தெரிந்தது. புற்று. டாக்டர் அதை உபால்தினாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இன்னும் பரவல. இப்போ எடுத்தா எடுத்துரலாம். கட்டியை மட்டும் கிள்ளி எடுத்தா திரும்ப வரும், அதனால சுத்தி நல்ல சதையும் கொஞ்சம் சேத்து, அண்ணத்து எலும்புல ஒரு பகுதியும் எடுக்கணும். அந்த ஓட்டையை மூட ஒரு தகடு செஞ்சு மாட்டிவிடுவோம். சாப்பிடலாம், பேசலாம்."

"கூவலாமா?"

இந்த இடத்தில் டாக்டர் ஒரு பெரிய தப்புச் செய்தார். பொய் சொல்லாமல் விட்டுவிட்டார்.

"முதல்ல மூக்கால பேசுற மாதிரி இருக்கும். பழகப் பழகத் தேறும். ஆனா முன்ன மாதிரியே வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

சத்தியம் பண்ண மாட்டேன் என்கிற டாக்டர் எங்கே, வேரோடு வரும் என்று ஒலிபெருக்கி வைத்துச் சத்தியம் பண்ணுகிற மகான் எங்கே!

நகரத்து ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கட்டில் ஒதுக்கியிருந்தார்கள். மறுநாள் காலையில் அறுவை. மத்தியான பஸ்ஸில் ஏறியாக வேண்டும். தவறவிட்டால் அடுத்த கட்டில் எப்போது கிடைக்கும் என்று டாக்டருக்கே தெரியாது. கட்டிக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. அது பாட்டுக்கு வளரும். அப்படிப்பட்ட காலையில்தான் பொன்விரல் ஐயா எங்கள் ஊரில் வந்து இறங்கினார்.

உபால்தினாவைத் தேடிக்கொண்டு அவள் அண்ணன் மனைவி நிகோலாசா கொட்டகைக்குள் வந்தாள். அண்ணன் செத்துப் பல காலமாகிறது. நிகோலாசா சந்தை வாசலில் லாட்டரிச் சீட்டு விற்கிறவள். உதட்டில் சிவப்புச் சாயம், காதில் வளையம், இந்த வயசிலும் ஒரு பல்கூட விழாத வரிசை. அவள் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே சீட்டு வாங்குகிற கிழவர்கள் உண்டு. பரிசு விழுந்ததோ இல்லையோ, சிரிப்பு நிச்சயம்.

"துணியெல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டு உன்னைத் தேடுறேன், நீ இங்க வந்து நிக்கிறியா? பஸ் போயிரும்டி!"

"மெதுவாப் பேசுங்க மதினி. ஐயா ஒரு நொடியில எடுத்துருவாரு. எதுக்கு அறுத்துக்கணும்?"

"எடுத்ததை யாராவது கையில வாங்கிப் பாத்தீங்களா?"

"நோய் தாவிரும்."

"அவன் பொண்டாட்டி கையாலதானே எடுத்துப் போடுறா, அவளுக்குத் தாவலையா?"

"சந்தேகப்பட்டாப் பலிக்காது. தள்ளி நில்லுங்க, உங்க சந்தேகம் என் மேல பட்டுரப் போகுது. பிரிகிதாவுக்குப் போகலையா?"

முன்னால் நின்ற பிரிகிதா பெருமையோடு திரும்பி, உதட்டை மடித்துக் காட்டினாள். போன தடவை ஐயா வந்தபோது அவள் உதட்டில் இருந்த கட்டி அப்புறம் மாயமாக மறைந்துவிட்டது. அன்றிலிருந்து அவள்தான் ஐயாவுக்கு ஊர் ஊராகச் சாட்சி.

"அது நீர்க்கொப்புளம்டி. மாங்கா கடிக்கும்போது உதட்டையும் சேத்துக் கடிச்சா, உடைஞ்சுபோச்சு. மாங்காய்க்கு யாராவது மெழுகுவத்தி ஏத்துனீங்களா?"

"நீங்க பேசாதீங்க மதினி" என்றாள் உபால்தினா. "விழும் விழும்னு சொல்லி ஊருக்கே சீட்டு விக்கிறவங்க நீங்க."

"அதனாலதான் பேசுறேன். என் பொழப்பே நம்பிக்கை விக்கிறது. நான் வித்த சீட்டை நான் ஒரு நாளும் வாங்குனதில்ல. இவன் வாயில ஒரு கட்டி வந்தா இவன் விரலை இவன் விட்டுப்பானா, இல்ல பஸ் ஏறி டாக்டரைப் பாக்கப் போவானா?"

உபால்தினா குனிந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி சொன்னாள். அவள் வாழ்க்கையில் யாருக்கும் கேட்காதபடி சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"கூவ முடியாமப் போயிருச்சுன்னா, மதினி? அப்புறம் நான் யாரு?"

நிகோலாசா வாசலைப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சட்டென்று வரிசையை இடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

"எங்க போறீங்க?"

"எனக்கும் ஒரு கட்டி."

"உங்களுக்கா? எப்போலேர்ந்து?"

"இப்பத்தான் வந்துச்சு" என்றாள் நிகோலாசா. போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கிரிசாந்தா கண்ணைக் கட்டினாள். ஐயா தலைமேல் கை வைத்தார்.

"என்ன குறை, மகளே?"

"அண்ணத்துல கட்டி, ஐயா. நட்டநடுவுல. முழுங்க முடியல."

"ரொம்ப நாளா?"

"உங்க ஒலிபெருக்கியைக் கேட்டதுலேர்ந்து."

ஐயா இதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார். "மனசுல சந்தேகம் எதுவும் இல்லையே?"

"துளிகூட இல்லை ஐயா. எல்லாம் தெளிவா இருக்கு."

"ஐயா, விளக்கு அடிச்சுப் பாக்க வேணாமா?" என்று பின் வரிசையில் ஒரு குரல் கேட்டது.

"விளக்கு, கண்ணாடி எல்லாம் படிச்சவங்களுக்கு. ஆவிக்கு விரல்தான் கண்ணு" என்றார் ஐயா. விரல் கண்ணை நிகோலாசாவின் வாய்க்குள் விட்டார். தடவினார். அவர் முகம் மாறியது.

"ஆஹா! இருக்கு. பெரிசா இருக்கு! வேரு மூக்கு வரைக்கும் போயிருக்கு. மகளே, இது பொறாமை. ஒசரமான ஒரு பொம்பளை. உன் பக்கத்துலயே உக்காந்து வியாபாரம் பண்றா."

கொட்டகையில் இருந்த உயரமான பெண்கள் எல்லோரும் கொஞ்சம் குனிந்து உட்கார்ந்தார்கள்.

பஞ்சு வந்தது. விரல் மறுபடியும் உள்ளே போனது. ஐயாவின் உடம்பு நடுங்கியது. கப்பல் வைத்தியர் இறங்கிவிட்டார். "விடு! வெளிய வா!" என்று ஓர் உறுமல். கை வெளியே வந்தது. அன்றைக்கு எடுத்ததிலேயே பெரிய துண்டு. சிவப்பு நிகோலாசாவின் தாடையில் வழிந்தது. கூட்டம் எழுந்து கத்தியது. துண்டு தணலில் விழுந்து சீறியது.

நிகோலாசா கண் கட்டை அவிழ்த்தாள்.

"வேரோட வந்துருச்சா, ஐயா?"

"வேரோட!"

"அண்ணத்துலேர்ந்துதானே?"

"நடு அண்ணத்துலேர்ந்து! உள்ள குழியா இருக்கும். தொட்டுராதே, மகளே."

"குழி இருக்காம். எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?"

சொல்லிவிட்டு இரண்டு விரலைத் தன் வாய்க்குள் விட்டாள். 'டொப்' என்று ஒரு சத்தம். ஊரே ஆசைப்பட்ட அந்தப் பல்வரிசை, அப்படியே மொத்தமாக அவள் கைக்கு வந்தது. மேல் பல்செட். பல்லுக்குப் பின்னால் அண்ணம் முழுவதையும் மூடுகிற ரோஜா நிறத் தகடு. அதைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிலும் காட்டினாள். அவள் கன்னம் உள்ளே போய், முகமே வேறாகிவிட்டிருந்தது. பேச்சும் குழறியது.

"இதுல எங்கடா குழி? பாத்துச் சொல்லு. பிளாஸ்டிக்குல கட்டி முளைக்குமா? பிளாஸ்டிக்குக்கு வேரு மூக்கு வரைக்கும் போகுமா?"

அந்தச் சிரிப்புக்காகச் சீட்டு வாங்குகிற கிழவர்கள் மூன்று பேர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள், யாரோ இறந்துபோனது போல.

"ஆமாம், பல்செட்டுத்தான். செத்துப்போன என் புருஷனுக்கு மட்டும் தெரியும். சுருட்டை ஏன் விட்டேன்னு கேட்டவங்களுக்கெல்லாம் மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன்னு சொன்னேன். நெருப்பு பட்டா இது உருகிரும், அதான் விட்டேன். மாதா மன்னிக்கட்டும். இப்போ இந்த ஆளு சொல்லட்டும், எதை எடுத்தான்?"

ஐயாவின் விரல் ஏமாந்தது எப்படி என்று கேட்கிறீர்களா? எங்கள் ஊர்ப் பெண்களின் அண்ணங்களையே தடவிப் பழகிய விரல் அது. சுருட்டு நெருப்பில் வெந்து வெந்து எல்லா அண்ணமும் கெட்டி, எல்லா அண்ணமும் மரத்தது; கிள்ளினாலும் கிள்ளாவிட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. அதை நம்பித்தான் ஐயா எங்கள் காயல்கரை ஊர்களாகப் பார்த்து வந்தார். கெட்டியாக, வழவழவென்று இன்னொன்று தட்டுப்பட்டது. மேலும் ஒரு சுருட்டுக்காரி என்று விரல் நினைத்துக்கொண்டது.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். மூளை உள்ள ஊராக இருந்தால் முடிந்திருக்கும். எங்கள் ஊரில் பிரிகிதா எழுந்தாள்.

"அற்புதம்!" என்று கத்தினாள். "பாத்தீங்களா? பிளாஸ்டிக்கையே ஊடுருவிப் போயி, ஓட்டை போடாம, உள்ள இருந்த கட்டியை எடுத்துட்டாரு!"

"ஆமா!" என்றது ஒரு மூலை. "ஆமா, ஆமா!" என்றது இன்னொரு மூலை. நாலைந்து பேர் மண்டியே போட்டுவிட்டார்கள். செத்த மீன் போல நின்றிருந்த ஐயாவுக்கு உயிர் வந்தது.

"ஆவிக்குச் சதை என்ன, பிளாஸ்டிக் என்ன, மகளே! எல்லாம் ஒண்ணுதான்."

நிகோலாசா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கையில் பல்செட். அவளால் கொடுக்க முடிந்த எல்லாவற்றையும் கொடுத்தாகிவிட்டது. ஊர் அதையும் வாங்கி மகான் கணக்கில் வரவு வைத்துவிட்டது.

அப்போது வரிசையிலிருந்து உபால்தினா நடந்து வந்தாள். மதினியின் கையிலிருந்து பல்செட்டை வாங்கினாள். தன் இடுப்புத் துணியில் துடைத்து, மேசையின் மேல், ஐயாவின் முன்னால் வைத்தாள்.

"ஐயா, எனக்கு மத்தியானம் பஸ்ஸு. போறதா வேணாமாங்கிறது இப்ப உங்க கையிலதான் இருக்கு. சதையும் பிளாஸ்டிக்கும் உங்களுக்கு ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான், மகளே."

"அப்போ இதுலேர்ந்து ஒரு கட்டி எடுங்க."

"இதுலேர்ந்தா? இது மேசை மேல... உயிரில்லாத பொருள்..."

"இப்போ எடுத்தப்பவும் அதுக்கு உயிரில்லையே. சின்னதா ஒண்ணு எடுத்தாப் போதும். கடலை அளவு."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. ஐயா கண்ணை மூடினார். நடுங்கினார். விரலை நீட்டினார். கிரிசாந்தா, பாவம், பழக்க தோஷத்தில் ஒரு பஞ்சை எடுத்து நீட்டினாள்.

உபால்தினா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். துள்ளுகிற மீனை விடாமல் பிடித்தே வயசான கை.

"பஞ்சு வேணாம். ஆவி விரல்லதானே இருக்கு, பஞ்சுல இல்லையே?"

"விடு! ஆவி கோவிச்சுக்கும்!"

"கோவிச்சுக்கட்டும். வெறும் விரலால எடு. எடுத்துட்டா நான் பஸ் ஏறல. உன் காலடியிலேயே கிடக்குறேன். எடுடா!"

அந்த 'எடுடா' மீன் சந்தைக் குரலில் வந்தது. கூரையில் இருந்த புறாக்கள் பறந்தன. அவன் கையை உருவப் பார்த்தான். மேசை சாய்ந்தது. தீர்த்தப் பாத்திரம் உருண்டது. பஞ்சுகள் தரையெல்லாம் சிதறின. ஒவ்வொரு பஞ்சிலும் மடித்து வைத்த ஒரு துண்டு கோழி ஈரல். தீர்த்தத்தின் சிவப்பு, நாங்கள் சோற்றுக்கு நிறம் ஏற்றப் போடுகிற அச்சியோத்தே விதைச் சாயம். அவரவர் சமையலறையில் தினமும் கையில் ஒட்டுகிற சிவப்பை, அடுத்தவள் வாயில் வழிந்ததும் ரத்தம் என்று நம்பியிருந்தோம். நாய்கள் மட்டும் நம்பவில்லை. அவை இவ்வளவு நேரம் பொறுத்திருந்ததே பெரிது.

எலியோதோரோவைக் கூட்டம் அடித்து நொறுக்கியிருக்கும் என்று நினைப்பீர்கள். அடிக்க யாருக்கும் நேரமில்லை. பெண்கள் எல்லோரும் வாசலில் இருந்த கைபேசிக் கூடைக்கு ஓடினார்கள். டார்ச்சைப் போட்டு, ஒருத்தி வாயை இன்னொருத்தி பார்த்தாள். சேவல் வளையத்துக்குள்ளும் படிகளிலும் வெயிலிலும் எங்கே பார்த்தாலும் திறந்த வாய்கள்.

"எனக்கு இருக்காடி?"

"இருக்கு."

"இன்னிக்குத்தானே எடுத்தான்? நல்லாப் பாரு!"

"நல்லாத்தான் பாக்குறேன். அப்படியே இருக்கு."

தொரீபியா என்று ஒருத்தி. போன தடவை ஐயா கையால் குணமானவள். சொன்ன சொல் தவறாமல் அன்றிலிருந்து கண்ணாடி பார்க்காதவள். ஜெபித்த சுருட்டைத் தவறாமல் பிடித்தவள். அவள் யாரிடமும் காட்டாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். உபால்தினா போய் அவள் தாடையைத் தூக்கி, வெளிச்சம் அடித்தாள். வெளிச்சத்தை அணைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"துணி எடுக்க வேணாம். அப்படியே கிளம்பி வா. பஸ் நிக்குது" என்றாள்.

அந்தச் சந்தடியில் மகான் சேவல்களைக் கொண்டுவருகிற சின்ன வாசல் வழியாக வெளியேறினார். பணப்பையோடு கிரிசாந்தா அதற்கு முன்பே வெளியேறியிருந்தாள். அந்த அளவுக்கு ஆவியின் அருள் இருந்தது. இப்போது மலைப்பக்கம் ஏதோ ஊரில், வேறு பெயரில், சிறுநீரகக் கல் எடுக்கிறானாம். கெட்டிக்காரன். ஈரலைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்; கல் தெருவிலேயே கிடக்கிறது.

உபால்தினாவுக்கு மறுநாள் காலையில் அறுவை நடந்தது. டாக்டர் மிலேனா கட்டியை, சுற்றியிருந்த சதையோடும் எலும்போடும் எடுத்தார். எடுத்ததன் ஓரங்களில் நோய் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்தது. தகடு மாட்டினார்கள். தொரீபியாவுக்கு அப்படி அமையவில்லை. கடலை அளவில் வந்திருந்தால் எடுத்திருப்பேன் என்றார் டாக்டர். வலியைக் குறைக்க மருந்து கொடுத்தார். கொடுக்க முடிந்தது அதுதான். மழைக்காலம் முடிவதற்குள் தொரீபியாவை அடக்கம் செய்தோம். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருத்தி பிரிகிதா. அன்று அவள் எந்த அற்புதத்துக்கும் சாட்சி சொல்லவில்லை.

உபால்தினா சந்தைக்குத் திரும்பி வந்த முதல் நாள், கூவினாள். சத்தம் மூக்கு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாடிக்கைக்காரன் சிரித்தான்.

"என்ன அக்கா, குரலு முன்ன மாதிரி இல்லையே?"

"மீனு விலையும்தான் முன்ன மாதிரி இல்ல. வாங்குறியா, போறியா?"

வாங்கினான்.

கூட்டம் ஓய்ந்த பிறகு பிரிகிதா பக்கத்தில் வந்து நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"ஏ உபா, ஒண்ணு கேக்கட்டா? அந்த டாக்டரம்மாகிட்ட அப்படி என்ன சக்திடி இருக்கு?"

உபால்தினா கத்தியைக் கீழே வைத்தாள். நிகோலாசா அந்தப் பக்கம் சீட்டுக் கட்டோடு நின்று, பல்செட் தெரியச் சிரித்தாள். இப்போதெல்லாம் அவள் மறைப்பதில்லை. கிழவர்களும் சீட்டு வாங்குவதை நிறுத்தவில்லை.

"ஒரு சக்தியும் இல்ல. கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னா. தெரியாததைத் தெரியாதுன்னா. எடுத்த கட்டியை எரிக்கல, குப்பியில வெச்சு என் கண்ணு முன்னால காட்டினா. போதுமா? உன் நாக்கு ஓரத்துல வெள்ளையா என்னமோ தெரியுது, நாளைக்கு அந்த டாக்டரம்மா இங்க வர்றா, போய்க் காட்டு."

"நாளைக்கா? நாளைக்கு அக்கரையில ஒரு அம்மா வர்றாங்களாம். எண்ணெய் தடவினாலே..."

பிரிகிதா பாதியில் நிறுத்திக்கொண்டாள், மீன் வாங்க நின்ற என்னையும் சேர்த்து எங்கள் மூவரின் முகத்தைப் பார்த்து.

உங்கள் ஊருக்கும் ஒலிபெருக்கி வரும். வாயைக் காட்டுவதற்கு முன்னால், அதைத் திறந்து ஒரு கேள்வி கேளுங்கள். சந்தேகப்பட்டால் பலிக்காது என்பான். சந்தேகப்பட்டால் பலிக்காத வைத்தியம், சந்தேகப்படாவிட்டாலும் பலிக்காது.